இரண்டு இடது பலகைகள்

தச்சர் செய்த கதவு மூடவில்லை என்றால் கோணல் சுவரில்தான். நாற்காலி ஆடினால் தரை சரியில்லை. இருபத்தைந்து வருடத் தொழிலில் ‘தப்பு என்னுது’ என்று அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை.

ஏரியில் கிடந்த படகு அவருடையது. எஞ்சின் அவர் மனைவியின் தம்பியுடையது. அவன் மோட்டார் மெக்கானிக். ஞாயிறு காலையில் இருவரும் படகை மெல்ல ஓட்டி, பின்னால் இரண்டு தூண்டில்களை இழுத்துக்கொண்டே போவார்கள். எஞ்சின் போடும் கூச்சலில் மீன் தலைதெறிக்க ஓடும். தூண்டில் நரம்புகள் இரண்டும் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொள்ளும்.

அதற்குத்தான் தூண்டில் கடையில் ஓரப்பலகை விற்றார்கள். முழ நீளம், முன்முனையில் சரிவு, அடியில் ஈயக்கட்டி. நரம்பை அதில் மாட்டிவிட்டால், ஓடும் தண்ணீர் சரிவில் மோதி, பலகையைப் படகை விட்டு எட்டப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

"இதைப் போய் காசு குடுத்து வாங்குவாங்களா!" என்று தச்சர் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, தேக்கில் இரண்டு இழைத்தார். இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம் கிடையாது.

அங்கேதான் வந்தது வினை. இரண்டும் இடப்பக்கமே போயின. வலப்பக்கம் விட்ட பலகை படகின் அடியில் நுழைந்தது, நரம்பு தண்ணீருக்குள் சுழலும் எஞ்சின் விசிறியில் சுற்றியது.

"காத்து சரியில்ல மாப்ள" என்றார் தச்சர்.

மச்சினன் பாதி உடம்பைத் தண்ணீரில் தொங்கவிட்டு நரம்பை அறுத்தான். "இன்னொரு வாட்டி சுத்துச்சு, எஞ்சினைக் கழட்டிட்டுப் போயிட்டே இருப்பேன். அப்புறம் நீங்க துடுப்பு போடுங்க மாமா."

தச்சருக்கு இடுப்பு வலி. துடுப்பு போட முடியாது.

வீட்டில் மனைவி, வாசலில் காய்ந்த பலகைகளைப் பார்த்தாள். "என்னங்க, ரெண்டும் இடது கால் செருப்பாட்டம் இருக்கு?"

"உனக்கென்ன தெரியும்? உள்ள போ."

அவள் போனதும் ஒரு பலகையைத் தலைகீழாகத் திருப்பினார். சரிவு மறுபக்கம் வந்தது. ஈயக்கட்டியைப் பிடுங்கி எதிர் விளிம்பில் அடித்தார்.

அடுத்த ஞாயிறு பலகைகள் ஆளுக்கொரு பக்கம் சமர்த்தாகப் போயின.

"எப்படி மாமா சரியாச்சு?"

"காத்து மாறிடுச்சு."

"அக்கா ஜன்னல் வழியா பார்த்துட்டு எல்லாத்தையும் சொல்லிட்டா. உங்க வாயால ஒரு தடவ சொல்லுங்க, தப்பு யாருது? இல்லன்னா எஞ்சின் இன்னைக்கே என் கடைக்குப் போகுது."

தச்சர் வானத்தைப் பார்த்தார். இடுப்பைத் தடவினார். உதட்டுக்குள் என்னவோ முனகினார்.

"கேக்கல!"

"தப்பு என்னுது!"

"எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, இருங்க" என்று மச்சினன் எஞ்சினை அணைத்தான்.

படகு நின்றது. பலகைகளும் நின்றன. நரம்புகள் தொய்ந்தன. அந்த நேரம் பார்த்து இடப்பலகை வெடுக்கென்று அமுங்கியது. மாட்டிய மீன் படகைச் சுற்றி வலப்பக்கம் பாய்ந்து, இன்னொரு நரம்பையும் விசிறியையும் சேர்த்துக் கட்டிவிட்டு, அறுத்துக்கொண்டு போயே போய்விட்டது.

மச்சினன் வாய் பிளந்து நின்றான். தச்சரின் நெஞ்சு நிமிர்ந்தது. கத்தியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"எஞ்சினை நிறுத்தினது யாரு மாப்ள? சத்தமா சொல்லு. இப்ப நல்லா கேக்கும்."