இர்மா மாட்டிய திருகாணி

இர்மா லாத்தெலாவின் கணவர் சுரங்கத்தில் இடுப்பு முறிந்து படுத்த வருஷம், சுரங்க வேலையோடு சேர்த்து அவர் பார்த்துவந்த ஜூக்பாக்ஸ் வேலையை, காசு போட்டால் பாடும் பெட்டிகளைக் கவனிப்பதை, இர்மா எடுத்துக்கொண்டாள். எங்கள் ஊரையும் சேர்த்து ஏழு ஊர்களில் முப்பத்தோரு பெட்டிகள். ஒவ்வொரு மதுக்கடையாகப் போய்ப் பழைய இசைத்தட்டுகளை எடுத்துப் புதியவை அடுக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும், கோளாறு வந்தால் சரிபார்க்க வேண்டும். மினசோட்டாக் குளிரில் அந்தப் பழைய வேனை ஓட்டுவதே ஒரு வேலை. கடைக்காரர்களோ அவள் பின்னால் நின்றுகொண்டு, "வீட்டுக்காரர் எப்ப எழுந்து வருவாரு?" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் அப்போது ஆல்பினா ஸ்டெர்லேயின் கடையில் பரிமாறிக்கொண்டிருந்தேன். ஆல்பினா ஸ்லோவேனியக்காரி, கண்டிப்பானவள். "பொம்பளை கை வச்சு பெட்டி நின்னுச்சுன்னா, அடுத்த நாளே வேற ஆளைப் பாத்துருவேன்," என்று இர்மாவிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள்.

அறுபத்து நான்கில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பெட்டி நின்றது. ஞானஸ்நான விருந்து. கடை முழுக்கக் கூட்டம். பெட்டிக்குப் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தவன் ரூடி பிரெபில், ஆல்பினாவின் தங்கை ஜஸ்டீனாவின் கணவன். நல்ல போதையில் இருந்தான். பெட்டிக்குள் இசைத்தட்டைத் தூக்கிய இயந்திரக் கை பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டது. தட்டு கண்ணாடிக்குப் பின்னால் அந்தரத்தில் தொங்கியது.

திங்கட்கிழமை காலை இர்மா வந்து பெட்டியைத் திறந்தாள். ஆல்பினா மேலே குடியிருப்பில் இருந்தாள். நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இர்மா கைவிளக்கை உள்ளே நீட்டி வெகுநேரம் பார்த்தாள். அங்கே அவள் என்ன பார்த்தாள் என்பது பத்தொன்பது வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. முந்தின வாரம் எண்ணெய் போட்டபோது மூடித்தகட்டின் திருகாணி ஒன்று தொலைந்துபோயிருக்கிறது. தன் டப்பாவிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டியிருக்கிறாள். அது கொஞ்சம் நீளம். அதன் நுனி உள்ளே பல்சக்கரத்தை உரசிக்கொண்டே ஒரு வாரம் ஓடி, கடைசியில் பல்லுக்கு நடுவே சிக்கிக்கொண்டது.

அவள் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சின்னதாக ஒன்றை மாட்டினாள். பெட்டி பாடியது. பாட்டுச் சத்தம் கேட்டு ஆல்பினா இறங்கி வந்தாள்.

"என்ன ஆச்சு அதுக்கு?"

"யாரோ உதைச்சிருக்காங்க. பலமா."

"ரூடி."

இர்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. திருப்புளியைத் துணியில் சுற்றினாள்.

அன்று சாயங்காலமே ரூடி கடைக்குள் வரக்கூடாது என்றாகிவிட்டது. ஜஸ்டீனா அக்காவிடம் சண்டைக்கு வந்தாள். "ஒரு பெட்டிக்காக என் புருஷனை வெளிய தள்ளுவியா?" என்றாள். "குடிச்சிட்டு உதைச்சான், வந்து மன்னிப்புக் கேக்கட்டும்," என்றாள் ஆல்பினா. பிடிவாதத்தில் ஒருத்திக்கொருத்தி குறைந்தவள் இல்லை. அன்றோடு பேச்சு நின்றது. ஈஸ்டருக்கு ஆல்பினா செய்யும் வால்நட் ரொட்டியில் தங்கை வீட்டுப் பங்கு எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. எண்பத்திரண்டு டிசம்பரில் ஜஸ்டீனா புற்றுநோயில் இறந்தாள். அதுவரை இருவரும் பேசவே இல்லை.

அடுத்த வசந்தத்தில் பெட்டி மறுபடி நின்றது. இர்மா வந்து முட்டி போட்டு உட்கார்ந்தாள். வயதாகிவிட்டிருந்தது, மூக்குக்கண்ணாடி வேறு. பழைய மசகு கெட்டியாகிப் பெட்டியின் கையைப் பிடித்திருந்தது. சூடுகாட்டித் துடைத்தால் போதும். ஆல்பினா பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையச் சொல்லு இர்மா. அன்னிக்கு ரூடி உதைச்சானே, அதோட கோளாறுதானே இது?" என்றாள். குரலில் கோபம் இல்லை. ஆமாம் என்று யாராவது சொல்ல வேண்டும் என்பதுபோலக் கேட்டாள்.

இர்மாவின் கை நின்றுவிட்டது. பெட்டியை அப்படியே திறந்து போட்டுவிட்டு எழுந்தாள். "இதோ வந்துடறேன்," என்று வெளியே போனாள்.

நேராக ரூடியின் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். அவன் கொட்டகையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ரூடி கையுறையைக் கழற்றிவிட்டு விறகின்மேல் உட்கார்ந்தானாம்.

"நான் உதைக்கலையா?"

"இல்லை."

"அன்னிக்கு எவ்வளவு குடிச்சேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. எல்லாரும் சொன்னாங்க, நானும் நம்பிட்டேன். அதோட குடியையும் விட்டேன்." கையுறையை மடித்து விறகின்மேல் வைத்தான். பிறகு, "ஜஸ்டீனா சாகுற வரைக்கும் என்னை மன்னிச்சுக்கிட்டே இருந்தா, இர்மா. செய்யாததுக்கு," என்றான்.

இர்மா மன்னிப்புக் கேட்டாள். "வா, ஆல்பினாகிட்டயும் சொல்லு," என்று ரூடி கோட்டை எடுத்துக்கொண்டான்.

பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு ரூடி அந்த வாசலில் நுழைந்தபோது நான் உள்ளேதான் இருந்தேன். ஆல்பினா வாயைத் திறப்பதற்குள் இர்மா சொல்லிவிட்டாள். நீளமான திருகாணி, அதைப் பையில் போட்டுக்கொண்டது, பேசாமல் இருந்தது, எல்லாம்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா உன்னை நிறுத்தியிருப்பேன்," என்றாள் ஆல்பினா.

"தெரியும். அதான் சொல்லலை. அப்ப வீட்ல அவரு படுக்கையில."

"என் தங்கச்சி அடக்கத்துக்கு நான் கோயில்ல கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தேன். யாரோ தெரியாதவ மாதிரி."

ரூடிதான் மெதுவாகச் சொன்னான்: "நீ வந்தது எனக்குத் தெரியும், ஆல்பினா. திரும்பிப் பாத்தேன்."

ஆல்பினா இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இர்மாவிடம், "பெட்டியைச் சரிபண்ணிட்டுப் போ," என்றாள்.

அவள் சரிபண்ணும்வரை அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நான் காப்பி கொண்டுபோய் வைத்தேன். பெட்டி பாட ஆரம்பித்ததும் ஆல்பினா எழுந்து மின்கம்பியைப் பிடுங்கிவிட்டாள்.

இர்மா அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை லுத்தரன் கோயிலில் ஆராதனை முடிந்த காப்பி நேரத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "ஒரு திருகாணிக்கா இவ்வளவு?" என்று சிலர் சிரித்தார்கள். "பாவம், அந்தக் காலத்துல உனக்கும் கஷ்டம்," என்று ஒருத்தி கையைப் பிடித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இர்மா என்னிடம் சொன்னாள்.

"சொன்னப்புறம் மனசு லேசாச்சா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்ல. முன்னாடி பொய் மட்டும்தான் கனத்துச்சு. இப்ப ஜஸ்டீனா கனக்கிறா."

ஆல்பினா அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, "நல்லா வேலை செய்யறா," என்று மட்டும் சொன்னாள். ரூடி சனிக்கிழமை மத்தியானங்களில் வந்து காப்பி குடித்தான். இருவரும் வானிலை பற்றியும் சுரங்கத்தில் ஆள் குறைப்பது பற்றியும் பேசினார்கள். இர்மா இன்னும் ஆறு வருஷம் திங்கட்கிழமைகளில் வந்துகொண்டிருந்தாள். ஆல்பினா பின்கதவைத் திறந்துவிட்டு, முன்போல ஸ்டூலைப் போட்டு உட்காராமல் மாடிக்குப் போய்விடுவாள்.