அமுக்கினால் கேட்கும் பெட்டி

என் அம்மா லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அப்புறம் அம்மாவை. வந்து சேருவதில் அம்மாதான் முந்தி என்பார் அப்பா.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளக் கூடத்துக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி செய்து தருவதாக அம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். ஆள் உயரப் பெட்டி. மேலே திரை, கீழே இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதற்குப் பக்கத்துக்கு ஒரு குச்சியும் வரிசையாகப் பட்டன்களும். சங்கச் செயலாளர் முகத்தைச் சுளித்தார்.

"வீட்ல செஞ்சதா? ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து வைங்கம்மா. சரியில்லன்னா அன்னிக்கே எடுத்துடணும்."

பலகை அறுத்தது, பட்டனுக்கு ஓட்டை போட்டது, வண்ணம் அடித்தது எல்லாம் அம்மாவே. உள்ளே ஒரு பழைய கம்ப்யூட்டர். எந்தப் பட்டன் அமுங்கியது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல நடுவில் ஒரு போர்டு வேண்டும். சும்மா கிடந்த கீபோர்டைப் பிரித்து, அதன் போர்டையே எடுத்து, ஒரு எழுத்துக்கு ஒரு பட்டன் என்று பற்றவைத்தாள். பிறகு ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். எல்லாம் வேலை செய்தன. லிஃப்ட்டையும் அப்படித்தான் பார்ப்பாள்: ஒன்றை அமுக்கு, விளக்கு எரிகிறதா, அடுத்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டிலேயே முதல் ஆட்டம். ஒரு பக்கம் அப்பா, இன்னொரு பக்கம் மாடி வீட்டு நர்ஸ் அக்கா. அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையிலிருந்து பிரேக் மிதித்தே பழகிய கால், ஆட்டத்திலும் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. தோற்றார்.

"நான் அமுக்கினேன்! திரைல என் ஆளு, அந்தப் பய குதிக்கவே இல்ல!"

"எப்படிண்ணா குதிப்பான்? நீங்கதான் பிரேக்கை விடவே மாட்டேங்கறீங்களே."

"சத்தியமா அமுக்கினேன்மா."

"தோத்தா தோத்தேன்னு சொல்லுங்க. பாவம், பட்டன் என்ன பண்ணும்?"

கேரம் ஆடினால் பவுடர் சரியில்லை, சீட்டு ஆடினால் வெளிச்சம் சரியில்லை என்பவர் அப்பா. அதனால் நான் நம்பவில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் திரையைப் பார்க்காமல் அப்பாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா போனதும் அப்பாவை மறுபடி பெட்டி முன்னால் நிறுத்தினாள். அக்காவின் குச்சியையும் இரண்டு பட்டன்களையும் தானே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "இப்ப குதிங்க" என்றாள். அப்பா அமுக்கினார். பயல் அசையவில்லை. அம்மா ஒரு கையை எடுத்தாள். குதித்தான்.

கீபோர்டில் பல எழுத்துகள் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றாகத் தட்டினால் பிரச்சினை இல்லை. நாலைந்து சேர்ந்து விழுந்தால் போர்டு குழம்பி ஒன்றை விழுங்கிவிடும்.

"லிஃப்ட்ல ஒரு ஆளு, ஒரு பட்டன். அந்த நினைப்புலயே விட்டுட்டேன்" என்றாள் அம்மா.

"அப்ப நான் தோக்கலியா?"

"தோத்தீங்க. பாதிதான் உங்க தப்பு."

அந்தப் பாதியே அப்பாவுக்குப் போதுமானதாக இருந்தது. "விடு, இப்படியே வெச்சுடு. யாருக்குத் தெரியப்போகுது? தோத்தவன் பேச்சை யாரு நம்பறாங்க? நீங்களே நம்பலியே."

"அதனாலதாங்க வைக்கக்கூடாது" என்றாள் அம்மா.

மறுநாள் காலை எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனோம். போர்டோடு வரும் விளக்கத் தாள் வேறு மொழியில் இருக்கும், படித்துச் சொல்ல வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனாள். கடைக்காரர் ஒரு சின்ன போர்டை எடுத்து வைத்தார். "ஆளுக்கு ஒண்ணு, ரெண்டு வாங்கிக்குங்க. வயரைச் சொருகினா வேலை முடிஞ்சுது."

தாளைப் படித்துச் சொன்னேன். ஒரே மாதிரி இரண்டு போர்டு இருந்தால், கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போது முதல் ஆள் யார், இரண்டாவது ஆள் யார் என்பது மாறிப்போகலாம் என்று இருந்தது.

"நேத்து என்னை ஆட்டின குச்சி இன்னிக்கு எதிராளியை ஆட்டுமா? வேணாம்ப்பா" என்றாள் அம்மா.

அடுத்து வந்தது கொஞ்சம் பெரியது. இரண்டு பேருக்கும் ஒரே போர்டு. பட்டனுக்குப் பட்டன் தனி வழி, தனித் திருகு.

"இதுல வேலை ஜாஸ்தி மேடம். ஒவ்வொரு வயரா முடுக்கணும்."

"எல்லாத்தையும் ஒண்ணா அமுக்கினா?"

"எல்லாமே கேக்கும். ஆனா யாரு மேடம் எல்லாத்தையும் ஒண்ணா அமுக்குவாங்க?"

"எங்க வீட்டுக்காரரோட ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க."

அதையே வாங்கினாள். வயர் கழன்றால் சட்டைப்பையில் இருக்கும் ஸ்க்ரூடிரைவரே போதும் என்பதும் அவளுக்குப் பிடித்திருந்தது. பகல் முழுக்க உட்கார்ந்து, தானே அழகாகப் பற்றவைத்ததை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக முடுக்கினாள். இந்த முறை சோதித்தது வேறு மாதிரி. நாங்கள் மூவரும் உள்ளங்கை, முழங்கை எல்லாம் வைத்து மொத்தப் பட்டன்களையும் அமுக்கினோம். திரையில் ஒன்றுகூட விடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. நானே பார்க்கிறேன் என்று செயலாளர் நர்ஸ் அக்காவுக்கு எதிரே நின்றார். தோற்றார்.

"நான் அமுக்கினேன்! இது வேலை செய்யல!"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"இல்லை சார்" என்றாள் அம்மா, மெதுவாக. "நீங்க அமுக்கல."

எந்தப் பட்டன் அமுங்குகிறது என்று விளக்கு விளக்காகக் காட்டும் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தாள். "சிஸ்டர், உங்க பக்கம் எல்லாத்தையும் அமுக்கிப் பிடிங்க. சார், இப்ப நீங்க அமுக்குங்க." அமுக்கினார். விளக்கு எரிந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி எரிந்தது. வேகமாகத் தட்டிப் பார்த்தார். அத்தனை தட்டுக்கும் எரிந்தது.

"சார், தோத்தா தோத்தேன்னு சொல்லணும்" என்றார் அப்பா பின்னாலிருந்து.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு ஆட்டம் போடுங்க" என்றார்.

"அது எங்க அம்மா" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

பெட்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. அப்பா இப்போதும் அக்காவிடம் தோற்கிறார். பட்டனைக் குறை சொல்வதில்லை. கூடத்தில் வெளிச்சம் போதவில்லை என்கிறார். அம்மா ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வெளிச்சம் சரியாகத்தான் இருந்ததாம்.