பி சைடில் பாடும் கிடார்காரன்

என் மனைவி பேசி அனுப்பிய கேசட்டின் ஒரு பக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. அந்தப் பக்கத்தில் ஓர் அமெரிக்கக் கிடார்காரன் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறான். அவனை அங்கே உட்கார வைத்தவன் நானேதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்கள். ஷார்ஜாவில் ரோலா என்ற பகுதியில் ஒரே அறையில் ஏழு பேர் இருந்தோம். நான் ஏசி மெக்கானிக். ஊரில் எங்கள் வீட்டுக்குப் போன் கிடையாது. கார்டு போட்டு எதிர்வீட்டுக்குக் கூப்பிட்டால் அவள் ஓடி வருவாள். அந்த வீட்டு ஆட்கள் நாலு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார்கள். அவர்களை வைத்துக்கொண்டு புருஷன் பெண்டாட்டி என்ன பேச முடியும்? மழை பெய்ததா, மகளுக்குச் சளி விட்டதா, அவ்வளவுதான். மற்றதெல்லாம் கேசட்டில்.

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கேசட். அவள் இரண்டு பக்கமும் பேசி, லீவு முடிந்து திரும்பும் யாரிடமாவது கொடுத்தனுப்புவாள். நான் கேட்டுவிட்டு அதன்மேலேயே என் பதிலைப் பேசி, ஊருக்குப் போகிறவரிடம் கொடுப்பேன். ரோலாவில் பலரும் இப்படித்தான். கடையில் விற்கும் பாட்டுக் கேசட்டின் மேல் விளிம்பில் சின்னப் பிளாஸ்டிக் பல் ஒன்றை உடைத்திருப்பார்கள். அப்புறம் அதில் எதையும் பதிய முடியாது. நாங்கள் அந்தப் பல்லை உடைக்கவே மாட்டோம். உடைத்தால் பதில் எதில் போகும்? மேலே பெயரும் எழுத மாட்டோம். எழுதினால் அறையில் எவனாவது எடுத்துப் போட்டுக் கேட்டு, ஒரு மாதத்துக்கு உயிரை வாங்குவான்.

எனக்கு இன்னொரு கிறுக்குத்தனமும் இருந்தது. அவள் குரலை ஒரே நாளில் கேட்டுத் தீர்க்க மாட்டேன். ஏ பக்கம் ஒரு வெள்ளிக்கிழமை, பி பக்கம் அடுத்த வெள்ளிக்கிழமை. நடுவில் உள்ள ஆறு நாளும், வீட்டில் பலகாரம் மிச்சம் இருப்பது போல ஒரு நிம்மதி. அந்தத் தடவை ஏ பக்கத்தின் கடைசியில் அவள், "மிச்சத்த அந்தப் பக்கம் சொல்றேங்க. அதுதான் முக்கியம், பொறுமையா கேளுங்க" என்றாள். அப்போதும் நான் திருப்பிப் போடவில்லை. என் புத்தி அப்படி.

அந்த வாரம் புதன்கிழமை துபாய் ஜுமேராவில் ஒரு வில்லாவில் டியூட்டி. வயதான அமெரிக்கர், தனி ஆள். சனிக்கிழமை நாட்டை விட்டே கிளம்புகிறார். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். நான் ஏணிமேல் நின்று ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளறையில் ஒரு கிடார் சத்தம். ஒரே ஆள் வாசிக்கிறான் என்று நம்ப முடியவில்லை. கட்டைவிரல் கீழ்க்கம்பியில் நடந்துகொண்டே இருக்க, மற்ற விரல்கள் மேலே வேறொரு பேச்சுப் பேசின. கண்ணாடியோ இரும்போ கம்பிமேல் வழுக்கும்போது கிடாரே அழுதது. அதற்கு மேலே ஒரு கரகரத்த குரல். பின்னால் எண்ணெய் காய்வது போன்ற இரைச்சல்.

நான் வேலையை நிறுத்தியதை அவர் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. எனக்குப் புரிகிற மாதிரி மெதுவான இங்கிலீஷில், நடுநடுவே "அச்சா?" போட்டு, அந்தப் பாடகனின் கதையைச் சொன்னார்.

கறுப்பினத்துக் கூலிக்காரன். பருத்திக்காட்டில் பிறந்தவன். சின்ன வயதில் சுவரில் ஆணி அடித்துக் கம்பி கட்டி வாசித்துப் பழகினானாம். பிறகு ஆற்றுக்குக் கரை கட்டும் வேலை. அங்கே கேம்ப்பில் தங்கினான் என்று அவர் சொன்னதும் நான் ஏணியிலிருந்து இறங்கிவிட்டேன். அந்தக் காலத்திலேயே எங்களைப் போல வெளியூர்க் கூலிகளுக்குக் கேம்ப் இருந்திருக்கிறது! சனிக்கிழமை கூலி நாளில் இவன் பாடுவான். மற்றவர்கள் ஆடுவார்கள், குடிப்பார்கள், வீட்டை நினைத்துக்கொள்வார்கள். ரெக்கார்டு கம்பெனி ஆள் ஒருவன் கேள்விப்பட்டு வந்து, ரயிலேற்றிப் பக்கத்து நகரத்து ஹோட்டல் அறைக்குக் கூட்டிப்போனான். வெளிச்சத்தம் வராமல் சுவரெல்லாம் போர்வை தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடம். சிவப்பு விளக்கு எரிந்தால் முடித்துவிட வேண்டும். இரண்டு நாளில் எட்டுப் பாட்டு. முடிந்ததும் திரும்பவும் கேம்ப்புக்கே போய்விட்டான்.

போர்வை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. நானும் கட்டிலைச் சுற்றிப் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்குள் குனிந்து உட்கார்ந்துதான் அவளுக்குப் பேசுவேன். அதை அவரிடம் இங்கிலீஷில் சொல்லத் தெரியவில்லை.

கம்பெனி நொடித்துப்போய், பாட்டுப் பதிந்த அச்சுத் தகடுகளைப் பழைய இரும்பாகப் போட்டுவிட்டார்களாம். யார் யாரோ வீட்டில் கிடந்த, கீறல் விழுந்த தட்டுகளிலிருந்து எடுத்ததுதான் இந்த எட்டும். பல வருடம் கழித்து, இந்தத் தட்டுகளைக் கேட்டுப் பைத்தியமான சில இளைஞர்கள் அவனைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தானாம். கையில் கிடார் கூட இல்லை. அவன் பாட்டையே அவனுக்குப் போட்டுக் காட்டினால், "நல்லா வாசிக்கிறானே, யாரு இவன்?" என்றானாம். விளையாட்டுக்குச் சொன்னானா, நிஜமாகவே மறந்துவிட்டானா என்று அவருக்கும் தெரியவில்லை. அந்தப் பழைய குரல் பிறகு வரவேயில்லை என்றார்.

என்ன பாடுகிறான் என்று கேட்டேன். ஒரே வரியை இரண்டு தடவை சொல்கிறான், மூன்றாவது வரியில்தான் விஷயத்துக்கு வருகிறான் என்று விளக்கினார். நாங்கள் போனில் பேசுகிற லட்சணமும் அதேதான். நல்லா இருக்கியா, நல்லா இருக்கியா, அப்புறம்தான் விஷயம். அந்தக் கேசட்டை எனக்கு இரவல் கொடுத்து, சனிக்கிழமை காலை கிளம்புவதற்குள் வேண்டும் என்றார்.

வியாழக்கிழமை டியூட்டி முடிந்ததும் ரோலா கடையில் ஒரு வெறும் கேசட் வாங்கினேன். அவள் கேசட்டும் அதே கம்பெனி, அதே கறுப்பு. புதுசும் அவள் கேசட்டும் தலையணைக்கு அடியில் சேர்ந்து கிடந்தன. அறை நண்பனின் டபுள் டெக்கில் ஒரு பக்கம் கிடார்காரனைப் போட்டேன், மறுபக்கம் புதுசைப் போட வேண்டும். ஒருத்தன் குழம்பில் புளி போதுமா என்று கேட்கிறான், ஒருத்தன் சட்டையைத் தேடுகிறான். தலையணைக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துப் போட்டுப் பட்டனை அமுக்கினேன். எட்டாவது பாட்டு முடிந்ததும் நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலை அறை காலியானதும் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, பி பக்கத்தைப் போட்டேன். கிடார் வந்தது.

மாற்றிப் போட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். திருப்பினேன், ஏ பக்கத்தில் அவள் குரல். மறுபடி திருப்பினேன், கிடார். எட்டுப் பாட்டையும் முழுக்கக் கேட்டேன், எங்காவது அடியில் அவள் முணுமுணுப்பாவது இருக்காதா என்று. எட்டாவது முடிந்து ஒரு 'டக்'. பிறகு அவள்: "...உங்க இஷ்டந்தாங்க. நான் கட்டாயப்படுத்தல. புள்ள தூங்கிருச்சு. வச்சுர்றேன்." அவ்வளவுதான் தப்பியிருந்தது. அன்று நான் அழுதேன்.

அடுத்த வாரம் போனில், எதிர்வீட்டுக்காரர்கள் சூழ்ந்து நிற்க, அவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பக்கம் கேட்டீங்களா? என்ன சொல்றீங்க?"

அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். திரும்பச் சொல்ல அவளுக்கு அங்கே வழியில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். "நீ சொன்ன மாதிரியே செஞ்சுரலாம்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு. என்ன கேட்டிருப்பாள்? தையல் மிஷினா, மகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதா? எதுவாக இருந்தாலும் சரி. இரண்டு மாதம் அந்தச் சிரிப்பிலேயே வண்டி ஓட்டினேன்.

பிறகு ஊரிலிருந்து திரும்பிய ஒரு பையன் அறைக்கு வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான். "என்னண்ணே, கேன்சல்ல போறீங்களாமே! அண்ணி சொன்னாங்க. வீட்டுக்கெல்லாம் வெள்ளையடிச்சுட்டாங்கண்ணே." கேன்சல் என்றால் விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குப் போவது. நான் அதற்கு முந்தின வாரம்தான் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

போனில் கஃபீல் தலையில், அதாவது விசா கொடுத்த அரபு முதலாளி தலையில், பழியைப் போட்டேன். விடமாட்டேன் என்கிறான், என்ன செய்வது என்றேன். பாவம், அந்த மனிதர் என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவள் "சரிங்க" என்றாள். அவள் கேசட்டை என்னிடமே வைத்துக்கொண்டு, வெறுமையாகக் கிடந்த புதுசில் பேசி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து கேசட் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து லீவில் போனபோது ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "அந்தாளைப் போடுங்க, கேப்போம்" என்றாள். போட்டேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு எட்டுப் பாட்டும் கேட்டாள். கடைசியில் தன் குரல் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதுக்கு முன்னாடி என்ன சொன்ன?"

"வந்துருங்கன்னு சொன்னேன். வேற என்ன?"

"எப்படிச் சொன்ன? அதை ஒரு தடவை சொல்லு."

யோசித்துப் பார்த்தாள். "நீங்க இல்லாதப்ப சொன்னதுங்க அது. எதிர்ல வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? அங்க போயிக் கேளுங்க, சொல்றேன்."

லீவு முடிந்து போனேன். அதற்குள் அவள் கையிலேயே செல்போன் வந்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் அவளுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. பல தடவை கேட்க வாயெடுத்தேன். கேட்டால் சொல்லிவிடுவாள், சொன்னால் நான் கிளம்பி வந்தாக வேண்டும். அந்தப் பயத்திலேயே இன்னும் ஆறு வருடம் கேட்காமல் இருந்தேன்.