படுத்தால் வலிக்காத முட்டி

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அவருக்குப் ‘படுங்க’ என்றுதான் பெயர். எக்ஸ்ரே அறைக்குள் யார் நுழைந்தாலும், நிமிர்ந்தும் பாராமல் அவர் சொல்வது அந்த ஒரு சொல்தான். முட்டியை நிற்க வைத்து எடுக்கும்படி டாக்டர் எழுதி அனுப்பினாலும் படுக்கைதான். நிற்க வைப்பதென்றால் சுவரோர ஸ்டாண்டை முட்டி உயரத்துக்கு இறக்க வேண்டும், மெஷினைத் திருப்ப வேண்டும், குனிந்து பார்க்க வேண்டும். கடவுள் பார்த்துப் பார்த்துச் செய்த உடம்பாயிற்றே, அதை இப்படியா செலவழிப்பது? ஸ்டாண்டில் அவருடைய மாற்றுச் சட்டை தொங்கியது.

அவர் மனைவி துணிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்பவள். படி இறங்கினால் முட்டிக்குள் மணல் அரைபடுகிறது என்று அழுதாள். அவரே கூட்டிப்போய், படுக்க வைத்துப் படம் எடுத்தார். எலும்புகளுக்கு நடுவே இடைவெளி நன்றாகத் தெரிந்தது. தேய்மானம் இல்லை, தைலம் போதும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

அதோடு அவள் பேச்சுக்கு வீட்டில் மதிப்புப் போனது.

“படமே சொல்லுது, உனக்கு ஒண்ணுமில்லன்னு. எந்திரி.”

“படத்துக்கு வலிக்காதுங்க. எனக்கு வலிக்குது.”

அவர் தங்கைக்கு ஃபோன் போட்டு, “உங்க அண்ணி நாடகக் கம்பெனி ஆரம்பிச்சிருக்கா” என்று சிரித்தார்.

முட்டி குணமாக வேண்டும் என்றுகூட அவள் கடவுளிடம் கேட்கவில்லை. யாராவது ஒருத்தர் நம்பினால் போதும் என்றுதான் கேட்டாள்.

வலி தாங்காமல் மறுபடி டாக்டரிடம் போனாள். அவர் மறுபடி எக்ஸ்ரேவுக்கு எழுதினார். அன்று நம்மவர் பல்வலி என்று வீட்டில் கிடந்ததால், பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் மாற்றாளாக வந்திருந்தாள். அவள் ஸ்டாண்டிலிருந்த சட்டையை இரண்டு விரலால் எடுத்து ஓரமாகப் போட்டாள்.

“அக்கா, ரெண்டு கால்லயும் சமமா பாரம் போட்டு நில்லுங்க. முட்டியக் கொஞ்சம் மடக்குங்க. கம்பியப் பிடிச்சுக்கங்க, இதோ ஆச்சு.”

“போன தடவ படுக்க வெச்சுல்ல எடுத்தாங்க?”

“படுத்தா எலும்பு விலகிக்கும்க்கா. பாரம் ஏறினாத்தான் தேஞ்சது தெரியும்.”

தெரிந்தது. எலும்பின் மேல் எலும்பு உட்கார்ந்திருந்தது. “இந்த முட்டிய வெச்சுக்கிட்டா இத்தன நாள் நின்னீங்க?” என்றார் டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னால் முட்டிச்சில்லையும் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னார். ஒருத்தர் நம்பிவிட்டதில் அவளுக்கு அங்கேயே கண் கலங்கியது.

வீட்டில் நிபுணர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து உதட்டைப் பிதுக்கினார்.

“நிக்க வெச்சு எடுத்தா அப்படித்தான் தெரியும்.”

“நான் என்ன படுத்துக்கிட்டா துணி விக்கிறேன்?”

அவர் படத்தை உறைக்குள் திணித்தார்.

“சரி, நாளைக்கு வா. சில்லுப் படத்த நானே எடுத்துத் தர்றேன்.”

“வேண்டாங்க. அந்தப் பொண்ணு இருக்கிற ஆஸ்பத்திரிக்கே போறேன்.”

அவர் முகம் வெளிறியது. மனைவியின் முட்டியை நினைத்து என்று நீங்கள் எண்ணினால், அவரை உங்களுக்குத் தெரியவில்லை.

“அங்க யாராச்சும் கேட்டா, என் பொண்டாட்டின்னு சொல்லிடாத.”

“சொல்ல மாட்டேன்” என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. “எனக்கும் வெக்கம் இருக்காதா?”