பாழ் வளவுக்குச் சம்பந்தம்

காருக்குக் குளிர்கால ரயர் மாற்றிக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகள் பக்கத்தில் வந்து குந்தினாள். ஓல்போர்க் நகரத்தில், வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் அவளுக்கு வேலை. மாதத்துக்கு ஒருமுறை ஹொல்ஸ்டெப்ரோவுக்கு எங்களைப் பார்க்க வருவாள். தான் ஒருவரைக் கலியாணம் செய்யப்போவதாகவும், அவர் டேனிஷ்காரர் என்றும் டேனிஷிலேயே சொன்னாள். ஏற்கெனவே இறுகியிருந்த நட்டை நான் இன்னும் கொஞ்ச நேரம் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

மனைவி அழுவாள் என்று பயந்தேன். அவள் அழவில்லை. "உறைப்புச் சாப்பிடுவானோ?" என்று கேட்டாள். சாப்பிடுவான் என்று மகள் சொன்னதும் பாதிச் சம்மதம் வந்துவிட்டது. பிறகொரு நாள் அந்தப் பொடியன் வீட்டுக்கு வந்தான். நண்டுக் கறியை மூக்கு வழிய வழியச் சாப்பிட்டான். யாரும் கேட்காமலே எழும்பிப்போய்ச் சட்டிபானை கழுவினான். மீதிப் பாதியும் அன்றோடு வந்துவிட்டது.

பிரச்சினை வந்தது அவனுடைய குடும்பப் பெயரால். ஓடகோர் என்பது அந்தப் பெயர்.

இந்த நாட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் எவரும் இருக்க முடியாது. நான் வந்திறங்கியபோது எனக்கு அப்படி ஒன்று இருக்கவில்லை. என் பெயரும் அப்பாவின் பெயரும்தான் இருந்தன. அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராக எழுதிக்கொண்டார்கள். பனியைக் கண்ணால் கண்டிராத அந்த மனிதரின் பெயர் இப்படித்தான் எனக்கும், மனைவிக்கும், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கும் ஆனது. "மாமாவின்ரை பேரைச் சொல்லியெல்லோ வேலையிலை என்னைக் கூப்பிடுகினம்" என்று மனைவி புதிதில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

சில்க்போர்க்கில் இருக்கும் என் அக்காவுக்கு மகளின் கலியாணச் செய்தியைச் சொன்னேன். அவர் முதியோர் இல்லமொன்றில் நெடுங்காலம் வேலை செய்தவர். எங்கள் எல்லோரையும் விட நன்றாக டேனிஷ் கதைப்பார். அடுத்த நாளே திருப்பித் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, அந்தப் பேருக்கு என்ன கருத்தெண்டு பாத்தனியோ?"

"இல்லை அக்கா. பேர்தானே."

"கோர் எண்டால் வளவு. வீடும் காணியும் மாட்டுக்கொட்டிலும் சேர்ந்த வளவு. முன்னுக்குக் கிடக்கிற சொல்லுக்குக் கருத்து, பாழ். ஆளில்லாத இடம். பாழ் வளவுக்கோ பிள்ளையைக் குடுக்கப்போறாய்?"

அக்காவின் சத்தம் பெரிது. பக்கத்தில் நின்ற மனைவிக்கும் கேட்டுவிட்டது. "சொல்லேக்கையே ஓடு ஓடெண்டு கேக்குது. அதுக்குள்ளை பாழும் வேறையோ" என்று அவள் கதிரையில் இருந்துவிட்டாள். பெயரில் என்ன இருக்கிறது என்று நான் இருவருக்கும் சொல்லிப் பார்த்தேன். ஆனாலும் கலியாணக் கார்ட்டில் அந்தச் சொல் மகளின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறதே. மகளோ தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அவரின் அப்பாவிடமே கேளுங்கோ" என்றாள்.

மாப்பிள்ளையின் தகப்பனும் தாயும் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக விருந்துக்கு வந்தார்கள். தகப்பன் பால் லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். நெடிய மனிதர், பேச்சு குறைவு. சாப்பாடு முடியும்வரை நல்லது, மிக நல்லது என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. மனைவி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, உங்கள் குடும்பப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் வாழ்நாளில் இதை யாருமே என்னிடம் கேட்டதில்லை" என்றார். "இங்கே வைத்துச் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், காட்டுகிறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் சில்க்போர்க்கிலிருந்து வந்து சேர்ந்தார். பட்டுச்சேலைக்கு மேல் மழைக்கோட் போட்டிருந்தார். ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து மேற்கே, காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த மரங்களைத் தாண்டிப் போனோம். ஒரு மண் பாதையின் முனையில் வெள்ளை வீடும் சிவப்புக் கொட்டில்களும் தெரிந்தன. கறுப்பு வெள்ளை மாடுகள் திரும்பி எங்களைப் பார்த்தன. சம்பந்தியின் ஒன்றுவிட்ட தம்பியும் மனைவியும் இப்போதும் அங்கே பால் பண்ணை நடத்துகிறார்கள்.

சம்பந்தி முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு சொல்லத் தொடங்கினார். அக்கா அவருக்கு மிக அருகில் போய் நின்றார். ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாது என்பதுபோல.

பல நூறு வருசங்களுக்கு முன் பெரிய கொள்ளைநோய் வந்து நாடு முழுக்கச் சனம் செத்ததாம். இந்த வளவிலும் ஒருவர் மிஞ்சவில்லை. கூரை விழுந்தது, வயலில் பற்றை ஏறியது. அக்கம்பக்கத்தார் இதைப் பாழ் வளவு என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு குடும்பம் நடந்து வந்து பற்றையை வெட்டி, கூரை போட்டு, அடுப்பு மூட்டியது. ஆனால் ஊர்வாய் மாறவில்லை. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளையும், பிள்ளைகளின் பிள்ளைகளையும் பாழ் வளவார் என்றே கூப்பிட்டது. கடைசியில் எல்லோருக்கும் நிரந்தரக் குடும்பப் பெயர் வேண்டுமென்று அரசாங்கம் சொன்னபோது, அவர்கள் அதையே வைத்துக்கொண்டார்கள்.

"எவ்வளவு உண்மை, எவ்வளவு கதை என்று எனக்குத் தெரியாது" என்றார் சம்பந்தி. "ஆனால் ஒன்று தெரியும். விட்டுப் போனவர்களுக்கு அந்தப் பெயர் வரவில்லை. வந்து குடியிருந்தவர்களுக்குத்தான் வந்தது."

அக்கா வெள்ளை வீட்டையும் கொட்டில்களையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, பேரை வைச்ச சனம் பிழையாய் வைச்சிட்டுது. இது விளக்கேத்தின வளவெல்லோ."

"அப்ப பிள்ளையைக் குடுக்கலாமோ அக்கா?"

"குடுக்கலாம். ஆனால் இந்த வீட்டிலை ஒருக்காப் பால் காய்ச்சோணும்."

பகிடி என்று நினைத்தேன். அக்கா நேரே பண்ணைக்காரரின் மனைவியிடம் போய், ஒரு பாத்திரம் பால் கிடைக்குமா என்று கேட்டார். கோப்பிக்காக்கும் என்று எண்ணி அந்தப் பெண் குளிரூட்டும் தாங்கியிலிருந்து புதுப் பாலை எடுத்துவந்து கொடுத்தாள். பளபளவென்று துடைத்து வைத்திருந்த கண்ணாடி மின்னடுப்பில் அக்கா அதை வைத்து, சூட்டை முழுவதும் கூட்டினார். நாங்கள் எல்லோரும் குசினிக்குள் நெருங்கிக்கொண்டு நின்றோம். மாப்பிள்ளையும் மகளும் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

பால் நுரைத்து எழும்பியது. பண்ணைக்காரரின் மனைவி பதறிப்போய் துணியோடு பாய்ந்தாள். அக்கா அவளைக் கையைப் பிடித்து மறித்தார்.

"விடுங்கோ பிள்ளை, விடுங்கோ! பொங்கட்டும்!"

தமிழில் சொன்னது அந்தப் பெண்ணுக்கு எப்படி விளங்கியதோ, நின்றுவிட்டாள். பால் விளிம்பைத் தாண்டி நாலு பக்கமும் வழிந்து கண்ணாடியில் சீறியது. தீய்ந்த வாசம் வீடு முழுக்கப் பரவியது. என் மனைவி கைதட்டினாள். மகள் கைதட்டினாள். என்னவென்று விளங்காமலே சம்பந்தியும் பெரிய கைகளால் தட்டினார். புது வீட்டில் பால் பொங்கி வழிந்தால் அங்கே எதற்கும் குறைவிராது என்று மகள் டேனிஷில் விளங்கப்படுத்தினாள். பண்ணைக்காரர் நீளமாக மூச்சு விட்டார். "இந்த வீடு புதிதல்ல. ஆனாலும் பிந்தியாவது யாரோ செய்தார்களே, நன்றி" என்றார். அடுப்பைச் சுரண்டித் துடைக்க அக்காவும் என் மனைவியும் பண்ணைக்காரரின் மனைவியும் அரைவாசிப் பின்னேரத்தைச் செலவழித்தார்கள். சுரண்டும்போது நடந்த சிரிப்பு முற்றம் வரை கேட்டது.

கோப்பி குடிக்கும்போது சம்பந்தி என்னிடம் எங்கள் குடும்பப் பெயரைப் பற்றிக் கேட்டார். அது என் அப்பாவின் பெயர் என்றேன். உண்மையில் மகளுக்கு என் பெயரல்லவா வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் மேசையில் தட்டினார்.

"எங்கள் பழைய ஆட்களும் அப்படித்தானே! யென்சின் மகன் யென்சன். அவனுக்கு பீட்டர் என்று பெயர் இருந்தால் அவன் மகன் பீட்டர்சன். மகளென்றால் பெயருக்குப் பின்னால் மகள் என்று வரும். சரி, உங்கள் அப்பாவின் பெயருக்கு என்ன அர்த்தம்?"

"நிலவைத் தலையில் சூடியவர்" என்றேன்.

அவர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். மனைவியைக் கூப்பிட்டு அதைத் திருப்பிச் சொன்னார். பிறகு மகனிடம் போய், "நீ அவளின் பெயரை எடுத்துக்கொள், மடையா. நமக்கு நிலவு கிடைக்கும்" என்றார். அவர் இவ்வளவு பேசி அதற்கு முன் தான் கேட்டதில்லை என்று அவர் மனைவி பிறகு எங்களுக்குச் சொன்னாள்.

பிள்ளைகள் இரண்டு பேரும் யோசித்து, இரண்டு பெயரையும் இரண்டு பேரும் வைத்துக்கொள்வதென்று தீர்மானித்தார்கள். நடுவில் அப்பா, கடைசியில் வளவு.

கலியாணம் வைகாசியில் நடந்தது. தாலி கட்டிச் சாப்பாடு முடிந்ததும், இந்த நாட்டு வழக்கப்படி கிளாஸைக் கரண்டியால் தட்டிவிட்டுச் சம்பந்தி பேச எழுந்தார். வேட்டி இடுப்பில் நிற்காததால் மேலே தன் தோல் பெல்ட்டைக் கட்டியிருந்தார். அன்றும் அதிகம் பேசவில்லை. மருமகளை வரவேற்றார், என் அப்பாவின் முழுப் பெயரையும் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். அந்த மண்டபத்தில் அந்தப் பெயரைக் கேட்டு முந்நூறு பேர் எழும்பி நின்று மரியாதையாகக் கிளாஸை உயர்த்தினார்கள். நான் உயர்த்தவில்லை. எனக்கு இரண்டு கையும் கண்ணைத் துடைக்கவே தேவைப்பட்டது.