இருதயசெல்வி சொன்ன பொய்

"உங்க பக்கம் ஓடுதா, மேடம்?"

விழுப்புரத்திலிருந்து அடைக்கலராஜ் ஃபோனில் இப்படிக் கேட்கும்போதெல்லாம் திண்டிவனத்தில் இருதயசெல்விக்கு நாக்கின் அடியில் ஏதோ தித்திக்கும். உடனே பதில் சொல்ல மாட்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடிப்பாள். முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது கேட்கும். கேட்டுக்கொண்டே இரு என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, "ஓடுது சார். நீங்க நிறுத்திக்கலாம்" என்பாள்.

இருவரும் ஒரே செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். வேலை சிக்னலிங் சர்வரைக் காப்பது. நீங்கள் ஒரு நம்பரை அழுத்தியதும், மணி அடிப்பதற்கு முன்னால், யார் யாரைக் கூப்பிடுகிறார்கள், அந்த ஆள் எந்த டவருக்குக் கீழே இருக்கிறார், எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒரு சேதி ஓடுகிறது. குரல் அதற்குப் பின்னால்தான் போகிறது. அந்தச் சேதியைப் பிரித்து அனுப்புகிற பெட்டிகள் இரண்டு, விழுப்புரத்தில் ஒன்று, திண்டிவனத்தில் ஒன்று. ஒன்று வேலை செய்யும்போது மற்றது விழித்துக் காத்திருக்கும். ஒன்று படுத்தால் மற்றது அந்தக் கணமே சுமையை வாங்கிக்கொள்ளும். இரண்டும் படுத்தால் மாவட்டத்தில் ஒரு ஃபோனும் அடிக்காது.

அதனால் ஒரு வழக்கம். பெட்டியை நிறுத்துமுன் எதிர்ப் பக்கத்து ஆளைக் கூப்பிட்டு, ஓடுதா என்று கேட்டாக வேண்டும். கேட்டபின், கம்ப்யூட்டர் வழியாக எதிர்ப் பெட்டிக்கு உள்ளே நுழைந்து தானும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது கம்பெனி விதி. அடைக்கலராஜ் பார்த்ததே இல்லை. அவள் சொல்லே அவனுக்குப் போதும்.

அந்தச் சொல்லைத்தான் அவன் ஒரு காலத்தில் மண்ணோடு மண்ணாக்கினான்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். இருதயசெல்வி பாலிடெக்னிக் முடித்துவிட்டு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு ஓரம் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பா சவரிமுத்து மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை எடை போடுகிறவர். கிளியனூர் அடைக்கலராஜுக்கு அவளை நிச்சயம் செய்து, மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து, தடை உண்டா என்று ஊரைக் கேட்டாகிவிட்டது. மூன்றாவதும் வாசித்துவிட்டால் கல்யாணந்தான். சவரிமுத்து மண்டியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, மாப்பிள்ளை டெலிபோன் படிச்சவரு என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

இதற்கிடையே விழுப்புரத்தில் ஒரு கான்ட்ராக்டர் தன் பெண்ணோடு வீட்டையும் தருவதாக ஆள் அனுப்பினார். அடைக்கலராஜுக்கு வேண்டாம் என்று சொல்ல மனமில்லை. ஓலை வாசித்த பெண்ணைச் சும்மா விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஒரு காரணம் வேண்டியிருந்தது. நேரே கோயிலை ஒட்டியிருந்த பங்குச் சாமியார் பங்களாவுக்குப் போனான். பூத்துக்கு வருகிற ஒருவனோடு பழக்கம் என்று இருதயசெல்வியே தன்னிடம் ஒப்புக்கொண்டதாகச் சொன்னான். சாமியார் அவளையும் அப்பாவையும் கூப்பிட்டனுப்பினார். அவள் அப்படிச் சொல்லவேயில்லை என்று அழுதாள். அப்போது அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், நடுவில் இருந்த மேஜையைப் பார்த்துச் சொன்னான்.

"இவ வாயத் தொறந்தாலே பொய்யி, சாமி."

மூன்றாம் ஓலை வாசிக்கப்படவில்லை. சவரிமுத்து அதற்குப் பிறகு பூசைக்குப் போகவில்லை, மண்டிக்கும் போகவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், மறு வருஷம் அதே நிலையில் இறந்துபோனார். சாவதற்கு முன்னால் மகளைக் கூப்பிட்டு, அப்படி ஏதாவது நீ சொன்னியாம்மா என்று கேட்டார். பெற்ற தகப்பனே கேட்டுவிட்டாரே என்ற அந்த ஒரு கேள்வியை அவளால் எந்தக் காலத்திலும் விழுங்க முடியவில்லை. பிறகு வந்த மாப்பிள்ளைகள் எல்லோரும் ஊரில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அவள் படித்தாள். செல்போன் கம்பெனி வந்ததும் வேலைக்குச் சேர்ந்தாள். வயரிங்கில் தொடங்கி, எந்த ஊர் எக்ஸ்சேஞ்சின் சேதி எந்த வழியாகப் போக வேண்டும் என்று சர்வருக்குள் எழுதுகிற இடம்வரை வந்தாள். இரண்டாயிரத்து ஆறில் விழுப்புரத்துப் பெட்டிக்கு ஆள் போட்டார்கள். பெயரைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. மாதா படத்துக்கு முன்னால் நின்று, ஒரே ஒரு நாள் கொடு தாயே என்று கேட்டாள்.

முதல் முறை பேசியபோது, "செல்வி, நல்லாருக்கியா?" என்றான். கம்பெனியில் மேடம் என்று கூப்பிடுங்கள் என்றாள். அதோடு சரி. ஓடுதா, ஓடுது. வருஷக் கணக்கில் இருவருக்கும் நடுவே இந்த இரண்டு சொற்கள்தான்.

அந்த நாளும் வந்தது. கோடைக்காலத்தில் ஒரு மத்தியானம். அன்று காலையிலிருந்து இருதயசெல்வி தன் பெட்டியில் புதிய வழிகளை எழுதிக்கொண்டிருந்தாள். வேலை நடக்கும்போது சென்னை ஆட்கள் பதறக் கூடாது என்று அலாரத்தை அனுமதி வாங்கி அணைத்து வைப்பது வழக்கம். அணைத்திருந்தாள். எழுதி முடித்துவிட்டாள், ஆனால் பெட்டியை இன்னும் சேவைக்குக் கொண்டுவரவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஆரோக்கியம். உள்ளே ஒரு சேதியையும் வாங்காது. இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

விழுப்புரத்துப் பெட்டியில் மெமரி நிரம்பிக்கொண்டே போகிறது, உடனே நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும், ஜனங்கள் தூங்கும்வரை காத்திருக்க முடியாது என்று சென்னையிலிருந்து மேலாளர் சீனுவாசன் எல்லோரையும் ஒரே லைனில் கூப்பிட்டார். கடலூர், பாண்டிச்சேரி, காஞ்சிபுரம் ஆட்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உங்க பக்கம் ஓடுதா, மேடம்?"

இருதயசெல்வி தண்ணீர் குடிக்கவில்லை. அப்பாவின் முதுகு கண்ணில் தெரிந்தது.

"ஓடுது சார்."

அவன் நிறுத்துவான். மாவட்டம் ஊமையாகும். நிறுத்திய கை அவனுடையது. உள்ளே போய்ப் பார்த்தாயா என்று கேட்டால் முழிப்பான். வேலை போகும். மாமனார் கொடுத்த வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கட்டும்.

சீனுவாசன் குறுக்கே பேசினார். "அடைக்கலராஜ், உள்ள போயி நீங்க ஒரு வாட்டி பாத்தீங்களா?"

"தேவையில்ல சார்." அவன் குரலில் கொஞ்சம் சிரிப்புக்கூட இருந்தது. "மேடம் சொன்னா சொன்னதுதான். அவங்க வாயில பொய் வராது."

நான்கு ஊர் கேட்டது. எந்த ஒரு வார்த்தைக்காக அவள் குடும்பமே சாமியார் முன்னால் கைகட்டி நின்றதோ, அதை இவன் இன்று ஒரு பெட்டியை நிறுத்துவதற்காக அலட்சியமாக எடுத்து வீசுகிறான். அப்படியானால் இவனுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். இவனை வேலையை விட்டுத் துரத்தினால் போதாது. அதற்கு ஜனங்களின் ஃபோனை ஏன் அறுக்க வேண்டும்? ஜனங்கள் என்ன பாவம் செய்தார்கள்? அறுக்க வேண்டியது இவன் முகத்திரையை.

"கைய எடுங்க சார்" என்றாள். "எம் பெட்டி ஓடல."

லைனில் யாரோ இருமினார்கள்.

"என்ன மேடம், இப்பத்தானே ஓடுதுன்னீங்க?" என்றார் சீனுவாசன்.

"பொய் சொன்னேன் சார். தெரிஞ்சேதான் சொன்னேன். என்னை என்ன வேணா பண்ணிக்குங்க. அதுக்கு முன்னாடி இவரு ஒண்ணுக்குப் பதில் சொல்லட்டும். கிளியனூர் அடைக்கலராஜ், என் வாயில பொய் வராதுன்னு உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

அவள் ஃபோனை வாய்க்கு இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள்.

"மூணாவது ஓலைக்கு முன்னாடியா, பின்னாடியா? எங்கப்பன் ஊரு சொல்றத நம்பிக்கினே செத்தாரு. சொல்லுங்க. நாலு ஊரு கேட்டுக்கினு இருக்குது."

சீனுவாசன் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லவில்லை. அடிபட்ட ஆளின் குரலில் அடைக்கலராஜ் பேசினான்.

"முன்னாடியே தெரியும். அன்னைக்குப் பொய் சொன்னது நானு."

இருதயசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெட்டியைச் சேவைக்குக் கொண்டுவந்தாள். சேதி ஒன்றை அனுப்பி, அது பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்தாள். அலாரத்தைத் திறந்துவிட்டு, இப்போது உள்ளே வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னாள். இந்த முறை அவன் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினான். ஒரு ஃபோனும் அறுந்துபோகவில்லை.

விசாரணை நடந்தது. பொய் சொன்னதற்காக அவளை வேலையிலிருந்து தள்ளி வைத்தார்கள். ஒன்றையும் அவள் மறுக்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. விதியை மீறி வந்ததற்காக அடைக்கலராஜை விழுப்புரத்திலிருந்து தூக்கி வேறு எங்கோ போட்டார்கள். அதைவிடப் பெரிய தண்டனை வீட்டில் கிடைத்தது. பாண்டிச்சேரி லைனில் கேட்டவர்களில் ஒருவர் அவன் மனைவிக்கு உறவு. கான்ட்ராக்டர் மகள் பெட்டி படுக்கையோடு அப்பா வீட்டுக்கு நடந்தாள். அடுத்த வாரமே திண்டிவனத்தில் பூசை முடிந்து வெளியே வந்தவர்கள், முன்பு பேசிய அதே வாய்களால் ஐயோ பாவம் அந்தப் பொண்ணு என்று பேசினார்கள். அவள் யாருக்கும் நின்று பதில் சொல்லவில்லை.

ஒருநாள் காலை அடைக்கலராஜே அவள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். தலை நரைத்து, சட்டை தொளதொளவென்று தொங்கியது.

"கம்பெனியில தப்பு என் மேலதான்னு சொல்லிட்டு வந்துட்டேன் செல்வி. உன்னத் திரும்ப எடுத்துக்குவாங்க. இனிமேலாவது என்னை மன்னிக்கக் கூடாதா?"

அவள் கேட்டைத் திறக்கவில்லை.

"அன்னைக்கு சாமியாரு முன்னாடி பொய் சொன்னீங்க. இப்ப கம்பெனி முன்னாடி நெசத்தச் சொல்லிட்டீங்க. அந்த நெசத்த எங்கப்பா முன்னாடி இன்னும் சொல்லலியே, சார். அதுக்கு ஒரு வழி வச்சிருக்கீங்களா?"

அவன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தான். தன் மனதில் கொஞ்சமாவது இரக்கம் சுரக்கிறதா என்று அவள் பார்த்தாள்.

சுரக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.