மிச்சம் எட்டு

உங்கள் கைபேசி எண் பதின்மூன்றால் வகுபடுமா? உங்களுக்குத் தெரியாது. தர்மபுரத்தில் தையல் கடை வைத்திருக்கும் விமலேஸ்வரியிடம் ஒரு சட்டை தைக்கக் கொடுத்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும்.

துணிப்பொட்டலத்தின் மேல் ஆளின் எண்ணை வெண்கட்டியால் எழுதுவார். அதை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்து, மாறி மாறிக் கூட்டிக் கழிப்பார். வருவது பதின்மூன்றால் வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும். தையல் மெசினை மிதித்தபடியே இதெல்லாம் நடக்கும். ஆட்களின் பெயர் அவருக்கு நினைவில் நிற்காது. "உந்தப் பதின்மூண்டு அக்காக்குக் கை இறுக்கமாம்" என்று முணுமுணுப்பார். எதைப் போட்டு வகுத்தாலும் மிச்சம் விடுகிற எண் கிடைத்தால், அன்று தேநீருக்கு ஒரு கரண்டி சீனி கூட.

சென்ற மாதம் முரசுமோட்டையிலிருந்து கமலாசனி வந்தார். மகனின் கலியாணம் சரிவராதாம். கூறைச் சேலையின் சட்டைத் துணியைத் திருப்பித் தர வேண்டுமாம். எண்சாத்திரக்காரர் ஒருவர் மணப்பெண் தாட்சாயினியின் கைபேசி இலக்கங்களைக் கூட்டி, எட்டு வருகிறது, சனியின் எண் என்று சொல்லிவிட்டார். எண்ணை மாற்றச் சொன்னதற்குப் பெண் மறுத்துவிட்டாள். படகேறிப் போய்ப் பத்து வருடமாகத் தகவல் இல்லாத அவளுடைய அண்ணனுக்கு மனப்பாடமான எண் அது ஒன்றுதான்.

"அக்கா, எட்டெண்டா ஒம்பதால பிரிக்க மிச்சம் எட்டு. அவ்வளவுதான். ஒம்பது பேரில ஒராளுக்கு வரும்" என்றபடி விமலேஸ்வரி துணியை மேசையில் விரித்தார். "மகன்ர நம்பரைக் கூட்டிப் பாத்தனீங்களோ?"

"ஆம்பிளையளுக்கு உது பாக்கிறேல்லை."

சனி பகவானுக்கும் பெண்ணின் வாசல்தான் தெரிகிறது. இந்த அநியாயத்துக்குச் சாத்திரம் என்று பெயர். அதைச் சொல்வதற்குக் கட்டணம் வேறு!

விமலேஸ்வரி அலுமாரியிலிருந்து கமலாசனியின் சொந்தப் பொட்டலத்தை எடுத்தார். மேலே எழுதியிருந்த எண்ணை விரல் வைத்துக் கூட்டிக் காட்டினார். எட்டு.

கமலாசனி நெஞ்சில் கை வைத்தார். "பாத்தீரே! அதுதான் நான் இவ்வளவு கஷ்டப்பட்டனான்!"

கணிதம் அந்த இடத்தில் தோற்றது. விமலேஸ்வரி கத்தரிக்கோலை எடுத்தார். தாட்சாயினியின் அளவு எழுதிய கொப்பியை ஒருதரம் பார்த்தார். மேசையில் விரித்திருந்த கூறைத் துணியில் கழுத்து வளைவு ஒரே வெட்டில் போனது.

"ஐயோ! என்ன வேலையப்பா செய்யிறீர்?"

"வெட்டிப்போட்டன் அக்கா. இனி இது அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் அளவு."

கமலாசனி துணியைத் தூக்கிப் பார்த்தார். சரிகையைத் தடவினார். கூறையின் விலை அவர் முகத்தில் தெரிந்தது. கடைசியில், "சட்டைக் கையைக் கொஞ்சம் நீளமா வையும்" என்றார்.

விமலேஸ்வரி கூறைச் சட்டைப் பொட்டலத்தின் மேல் வெண்கட்டியால் பெரிய எட்டொன்று போட்டு, எல்லோருக்கும் தெரியும்படி கடை வாசலில் தொங்கவிட்டார்.

கலியாணம் ஆவணியில். உங்கள் எண்ணை இப்போதே ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். எட்டு மிஞ்சினால் குடும்பத்தோடு வந்து முன்வரிசைக் கதிரைகளில் உட்காருங்கள்.